கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

ஜெபா ஒருநாளும் ஆசிரியையாக வேலை பார்த்ததில்லை. செங்கல்பட்டு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1997இல் ஒருநாள், நெம்மேலிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தார். ஆசிரியர் வராத நாலாம் வகுப்பில் ஒரே கூச்சல். அதை அடக்க ஒரு கதை சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வாசலிலேயே காத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவர் கதை டீச்சர். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அங்கே பஸ் மாறி, வாராவாரம் போனார்.

2001இல் கழுத்தில் கட்டி. ஆபரேஷனில் கட்டி போயிற்று. குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"குரல் நாண்ல ஒண்ணு அசையலம்மா. ஆறு மாசத்துல சரியாகலாம். ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

காயம் ஆறியதும் ஒரு வெள்ளிக்கிழமை ஜெபா பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார். தலைமையாசிரியர் வாசுதேவன் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உடம்ப பாத்துக்கோங்கம்மா. ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கூப்பிடறேன். கொடியேத்தும்போது மேடையில ஒக்காருங்க, போதும்."

ஜெபாவுக்கு முகம் சுட்டது. பதில் சொல்ல முயன்றார், வாசுதேவனுக்குக் கேட்கவில்லை. எழுந்து நேராக நாலாம் வகுப்புக்குள் போனார்.

கால்வாயைத் தாண்டிக் கடலைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு எருமையின் கதை. பாதி கூடச் சொல்லவில்லை. கடைசி வரிசையிலிருந்து வேண்டா என்ற பெயருள்ள பெண் கத்தினாள்.

"டீச்சர், இன்னா சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல!"

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பின்னால் சொன்னார்கள். அவர்கள் அடுத்த வரிசைக்குச் சொன்னார்கள். தண்ணீருக்குள்ளிருந்து முதலை வந்து எருமையின் காலைக் கவ்வியது என்று ஜெபா சொன்னார். சற்று நேரத்தில் பின்னால் பெரிய சண்டை.

"முதலாளி வந்து எரும கால புடிச்சிக்கினாராம்!"

"ஏன் புடிச்சாரு?"

"வேலைக்கு வரலன்னுதான்!"

ஜெபா சிரித்தார். சத்தமே இல்லாத அந்தச் சிரிப்பில் தோள்கள் மட்டும் குலுங்கின. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள்.

ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. வேண்டா சொன்னதுதான் காதில் நின்றது. கதை சொல்கிறவள் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது என்ன கதை?

சென்னையில் குரல் பயிற்சி கொடுக்கும் சாருலதா என்ற பெண்ணிடம் சேர்ந்தார். இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டே 'ஆ' என்று சொல்ல வேண்டும். விடிந்ததும் தள்ளினார், சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளினார், விளக்கு வைத்ததும் தள்ளினார். மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. சில நாள் குரலுக்குப் பதில் அழுகைதான் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி சுவரிடம் போனார்.

பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, செவுத்தோட சண்டையா?"

"ஆமா. நான் வுடறதா இல்ல" என்றார். பாதிதான் அவனுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமைகளை விடவில்லை. பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொல்லி, பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி நெருக்கி உட்கார வைத்தார். எருமைக்கு எருமையாகவே நடந்து காட்டினார். வகுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசுதேவன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். மேடை, நாற்காலி என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் கடந்து போயிற்று. பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு காலையில், தள்ளிய சுவரிலிருந்து வந்தது போல ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, ஆண் குரல் மாதிரி. தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று புரிய ஜெபாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழைய குரல் திரும்பவே இல்லை. கிடைத்தது இதுதான். இதைத் தினமும் பிடித்து இழுத்து, ஒரு வகுப்பறை அளவுக்கு நீட்டிக்கொண்டார்.

2002 ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலாம் வகுப்பு ஜன்னலில் தொங்கிக்கொண்டு கதை கேட்டார்கள். ஜெபா தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"மூணாங் கிளாஸுக்குத் தனியா ஒருநாள் வேணும் சார். செவ்வாக்கிழமை குடுங்க."

"வாரத்துக்கு ஒருநாள் போதாதாம்மா? தொண்டை தாங்குமா?"

"தாங்காதுன்னா நானே சொல்றேன் சார்."

வாசுதேவன் எழுந்து சுவரில் இருந்த கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமைக் கடைசிப் பீரியடை அடித்துத் திருத்தினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. பீரியட் சாயங்காலம்தான் என்றாலும் ஜெபா குடையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்.