ஒருத்தரும் உடுத்தாத சட்டை

தையல்காரியிட்ட புதுத்துணியோட வாறவையைவிட, பழசை மடிச்சுக் கக்கத்தில வைச்சுக்கொண்டு வாறவைதான் கனபேர். தைக்கிற ஆக்களுக்கு இந்தப் பாடு விளங்கும். பள்ளிமுனையில என்ர மெசின் யன்னலோரம் இருக்கு. தூரத்தில காத்தாலைகள் மெல்லச் சுத்த, காலும் அதோட சேர்ந்து மிதிக்கும். பாதி நித்திரையிலதான் தைக்கிறனான். அந்த மயக்கத்துக்குள்ள அடிக்கடி வந்துபோறது ஒரு வீட்டுச் சனம்: கடல்தொழில் செய்யிற சூசை அண்ணை, மனிசி மெற்றில்டா, மகள் ஜெனி. ஜெனிக்கு ஒரேயொரு ஆசை. கோயிலில முதல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிற நாளில ஒருத்தரும் முன்னம் உடுத்தாத சட்டை போடவேணும்.

சாறத்தின்ர ஆயுசு

சூசை அண்ணை இடுப்பில கட்டிற சாறம் தேஞ்சால் எறியமாட்டார். வெட்டி, தேயாத பக்கத்தை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டித் தரவேணும். அதுவும் போனால் தலையணை உறை, பிறகு மரக்கறிப் பை. அந்தப் பையால அவை வீட்டில பிளாஸ்டிக் சொப்பின் பையே சேராது. கரையில ஒதுங்கிக் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பார்க்கேக்க, அந்த மனிசனில எனக்கொரு மரியாதை வரும். ஒருநாள் கைக்குட்டை அளவில ஒரு துண்டோட வந்து நிண்டார். இதில இனி என்னத்தைத் தைக்கிறது எண்டு கேட்டன்.

"ஓரம் அடிச்சு விடுங்கோ தங்கச்சி, எஞ்சின் துடைக்க இன்னும் ரெண்டு வருசம் போகும்."

மடுவில கூடாரம்

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவில தங்கிறதுக்கு மெற்றில்டாவின்ர பழைய சீலைகளை மூட்டிக் கூடாரம் தைச்சுக் குடுத்தன். நானும் அவையோடதான் போனனான். மத்தியானம் உள்ள படுத்தால் வெயில் பச்சையா, நீலமா, ரோசாவா முகத்தில விழும். காத்துக்குச் சீலை பொங்கும், அடங்கும். எழும்பவே மனமில்லை. ஜெனி மட்டும் வெளியில நிண்டு, பக்கத்துச் சனத்தின்ர கடையில வாங்கின கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாயிருந்தது. சூசை அண்ணை மல்லாந்து படுத்தபடி மேல கையைக் காட்டினார்.

"மெற்றில்டா, அந்த நீலம் கட்டின அண்டுதான் நீ கோவிச்சுக்கொண்டு கொம்மா வீட்ட போனனீ."

கலியாணச் சீலை

நன்மை கிட்ட வரேக்க கடலில மீன்பாடு சரியில்லை, புதுச்சட்டைக்குக் காசில்லை. ஜெனியின்ர பெரியம்மாவின்ர மகள் முன்னம் போட்ட நன்மைச் சட்டை அளவாத்தான் இருந்தது. ஜெனி வேண்டாமெண்டு அழுதவள். கடைசியில மெற்றில்டா தன்ர வெள்ளைக் கலியாணச் சீலையைக் கொண்டுவந்து மேசையில விரிச்சா. ஒருக்காத்தான் கட்டினது, வெட்டித் தையுங்கோ, பிள்ளை ஏங்கிப்போனாள் எண்டா. நான் கத்திரிக்கோலை எடுத்தன்.

காத்துக்குச் சீலை மேசையால வழிஞ்சு, கூட வந்த ஜெனியின்ர காலில விழுந்தது. அவள் அதை அள்ளித் தோளில போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டாள். கனநேரம் அப்பிடியே நிண்டாள். பிறகு வந்து என்ர கத்திரிக்கோலை வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைச்சாள்.

"பெரியம்மா வீட்டுச் சட்டையையே போடுறன் அம்மா, இதை வெட்டினால் என்ர கலியாணத்துக்கு நான் எதைக் கட்டுறது?"

எல்லாரும் இப்பிடிப் பழசையே பாவிச்சால் கடல் பிழைச்சிடும், தையல்காரியின்ர பாடுதான் திண்டாட்டம்.