பெடல் ஸ்டீல் சார்ட்டை நான் நம்பவில்லை

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு கிடாரை வேனில் ஏற்றிக்கொண்டு ஏர்ல் வீட்டுக்குப் போனேன். வாசிக்க அல்ல. திருப்பிக் கொடுக்க.

ஏர்ல் என் கார் ஒர்க்‌ஷாப் கஸ்டமர். எழுபது வயசு வெள்ளைக்காரர். பழைய பிக்கப் டிரக் வைத்திருக்கிறார். நான் டெக்சஸில் இந்த ரவுண்ட் ராக் ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில், வீட்டுக்கு வா என்று கூப்பிட்ட ஒரே கஸ்டமர் அவர்தான். இந்த முஸ்லிம் தாடியோடு, இந்த வருஷங்களில்... அது சின்ன விஷயமில்லை.

அவரிடம் வாங்கியது பெடல் ஸ்டீல் கிடார். மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். பத்துத் தந்தி. ஒரு கையால் மீட்டி, மறு கையால் ஒரு இரும்புத் துண்டைத் தந்தி மேல் நகர்த்த வேண்டும். கீழே மூன்று பெடல் — மிதித்தால் சுருதி மாறும். ஷாப் ரேடியோவில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். எனக்குப் பிடிக்கும் என்று ஒருநாள் ஏர்லிடம் சொல்லிவிட்டேன்.

தன்னுடையதையே கொடுத்தார். முழங்கால் ஆபரேஷனாம், இனி மிதிக்க முடியாதாம். அவர் நொண்டி நடந்து நான் பார்த்ததில்லை. கூடவே ஒரு கார்ட் சார்ட்டும், அதாவது சுரக்கூட்டுகளின் அட்டவணையும், கொடுத்தார். சனிக்கிழமைகளில் அவர் கராஜில் மூன்று பேர் கூடி வாசிப்பார்கள். ஸ்டீலுக்கு ஆள் இல்லை, கற்றுக்கொண்டு வந்து உட்கார் என்றார்.

எதற்கு என்னை? அன்றைக்கே யோசித்தேன்.

சார்ட் கட்டம் கட்டமாக இருந்தது. எந்தக் கோட்டில் இரும்பை வைப்பது, எந்தத் தந்தியை மீட்டுவது, எந்தப் பெடலை மிதிப்பது. பெடல்களுக்கு ஏ, பி, சி என்று பெயர். பத்தாவது கோட்டில் எதையும் மிதிக்காமல் மீட்டினால் டி கார்ட். வந்தது. அங்கேயே ஏ, பி இரண்டையும் மிதித்தால் ஜி கார்ட். வரவில்லை. ஜி நிமிர்ந்து நிற்கிற சத்தம். எனக்கு வந்தது இழவு வீட்டுச் சத்தம்.

மகளை விட்டு இன்டர்நெட்டில் இன்னும் இரண்டு சார்ட் பிரின்ட் எடுத்தேன். அவற்றிலும் அதே கதை.

"இட்ஸ் தி சேம் சார்ட், அத்தா" என்றாள்.

ஒருவனைப் பார்த்து ஒருவன் காப்பியடித்தால் அப்படித்தானே இருக்கும்?

இரண்டு வாரம் மிதித்தேன். மூன்று சார்ட்டும் சரி என்றால் கிடார் கோளாறு. கிடார் கோளாறு என்றால், தெரிந்தேதானே தள்ளிவிட்டார்? கராஜில் உட்கார வைத்துச் சிரிக்கவா?

என் மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார்ட்டு தப்பு, கிடாரு தப்பு, அந்த மனுஷன் தப்பு. உங்க காலு மட்டும் சரியாக்கும்?"

கிடாரைக் கழற்றி வேனில் ஏற்றினேன்.

ஏர்ல் அரை டிராயரில் வந்து கதவைத் திறந்தார். முழங்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கார்ட் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். கிடாரைக் கராஜில் இறக்கிக் காலைப் பூட்டி நிறுத்தினோம். குனிந்து பெடலைப் பார்த்தவர், டேப் எங்கே என்று கேட்டார்.

மூன்று பெடலிலும் ஒவ்வொரு துண்டு டேப் ஒட்டியிருந்தது உண்மை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே உரித்துவிட்டேன். என் தொழிலில் பழைய சாமானில் டேப் இருந்தால், அடியில் விரிசல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். அதில் ஏதோ எழுத்தும் இருந்தது. ஏ, பி, சி-தானே? இடமிருந்து வலம்தானே?

இல்லை. அவருடையது வலமிருந்து இடம். இரண்டு விதமாகவும் பெடல் வைப்பார்களாம். சார்ட்டில் அதை எவனும் எழுதுவதில்லை. அதற்குத்தான் டேப். நான் இரண்டு வாரமும் ஏ என்று மிதித்தது சி. விரிசல் பார்க்கத்தான் உரித்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"விரிசல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டூல், பெட்டி, சார்ட் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். சந்தேகம் கேட்க வருகிறவன் ஸ்டூலையும் கொண்டு வருவானா? அவருக்குப் புரிந்துவிட்டது. மறைத்துப் பயனில்லை.

"திருப்பிக் கொடுக்க வந்தேன். நீங்க ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

ஏர்ல் மறுபடி பெடல் பக்கம் குனிந்தார். முடிந்தது என்று நினைத்தேன். இனி டிரக்கும் வராது, அழைப்பும் வராது.

தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீ என் டிரக்குக்கு முதல் தடவை பிரேக் மாத்துனேல்ல? நேரா இன்னொரு கடைக்குப் போய்க் கழட்டிப் பார்க்கச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல வேலைன்னாங்க."

பிறகு ஸ்டூலை எடுத்து வரச் சொன்னார். மற்ற இருவரும் வந்தார்கள். வலப்பக்கத்திலிருந்து இரண்டை மிதித்தேன். ஜி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஏர்ல் மறுபடி பிரேக்குக்காக டிரக்கை விட்டுப் போனார். மாற்றினேன். போல்ட்டை முடுக்கி, அதன் மேல் குறுக்கே மெல்லிசாக ஒரு பெயிண்ட் கோடு இழுத்தேன். வேறு எவனாவது கழற்றினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏர்லிடம் சொல்லவில்லை.