சீப்பைக் கண்டால் ஓடிய ரோஸி

போட்டோ ஸ்டுடியோவில் படம் பிடிப்பது கால் பங்கு வேலை. வந்தவர் தலையை வாரி, பவுடர் பூசி, அசையாமல் உட்கார வைப்பது முக்கால் பங்கு. செஞ்சிக் கடைத்தெருவில் இருந்த எங்கள் ஸ்டுடியோவில் அந்தக் கால் பங்கை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அதிகாரம் முழுக்க மாமனாருடையது. முக்கால் பங்கு என் தலையில் விழுந்தது. பெண்களுக்குப் பின்னல் போடுவதிலிருந்து அழுகிற குழந்தைக்கு மூக்குத் துடைப்பது வரை எல்லாம் நான்தான். அறுபதுகளில் அந்த ஊரில் என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதில் மண்ணை அள்ளிப் போட்டது ஒரு ஸ்பேனியல் நாய்க்குட்டி. நீள முடி நாயை வளர்த்துப் பாடுபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

காது எது, மூஞ்சி எது?

என் தம்பி கோலார் தங்கவயலில் வேலை பார்த்தான். அங்கே ஒரு அதிகாரி வீட்டு நாய் குட்டி போட்டது. அதில் ஒன்றைப் பிரம்புக் கூடையில் வைத்து, ஐப்பசி மழையில் பஸ் ஏறிக் கொண்டுவந்து இறக்கினான். செம்பட்டை நிறம். காது முகத்தைவிட நீளம். பால் கிண்ணத்தில் வாய் போவதற்கு முன்னால் காது இரண்டும் குளித்துவிடும். ரோஸி என்று பேர் வைத்தோம். "அக்கா, இதுக்குத் தெனம் வாரணும். காதைத் தூக்கி உள்ள பாக்கணும். உட்டுட்டா முடி சிக்கு புடிச்சி, காதுல சீழ் வச்சிடும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான். மாமனார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் குட்டியைப் பார்த்தார். "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். கேமரா மேல முடி பறந்துச்சின்னா, வந்த கூடையிலயே திரும்பிப் போயிடணும்" என்றார். எனக்கோ அது மடியில் ஏறிய நிமிஷமே மனசு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குடும்பப் படம் வாங்கிப் போக வந்த மண்டிக்காரர் வீட்டம்மா, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா இது, ஆட்டுக்குட்டிக்கு நாய் மூஞ்சி வச்சிருக்குது?"

அரண்மனை சாய்ந்தது

எத்தனை தலை வாரியிருக்கிறேன், இது ஒரு பிரமாதமா என்று மறுநாளே சீப்பை எடுத்தேன். குட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து, காதுக்குப் பின்னால் இருந்த சிக்கில் ஒரு இழுப்பு இழுத்தேன். வீல் என்று ஒரு சத்தம். என் கட்டைவிரலில் ஒரு கடி. காதில் சீப்பு தொங்க, கதவு இடுக்கில் புகுந்து ஸ்டுடியோவுக்குள் ஓடிவிட்டது.

அங்கே ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும், அரண்மனை எழுதிய படுதாவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். ரோஸி படுதாவுக்குப் பின்னால் பாய்ந்தது. நகம் துணியில் மாட்டிக்கொள்ள, இழுத்த இழுப்பில் தூணும் மாடமும் படிக்கட்டுமாக மொத்த அரண்மனையும் அவர்கள் தலைமேல் இறங்கியது. அந்தக் கேமராக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். துணிக்குள்ளிருந்து அவர் கத்தினார்: "சரோஜா, அரண்மனை மேல ஏறிப் போவுதே, இன்னா நடக்குது அங்க?"

ஒரு வாரு, ஒரு துண்டுப் பொறை

அன்றைக்கு விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு யோசித்தேன். படமெடுக்க வந்த குழந்தை அழுதால் நான் அமுக்கிப் பிடிக்கமாட்டேன். முதலில் கேமராவைத் தொட்டுப் பார்க்க விடுவேன். ஸ்டூலில் ஏறி இறங்க விடுவேன். பயம் தெளிந்த பிறகுதான் உட்கார வைப்பேன். ஊரார் பிள்ளைக்குச் செய்ததை இந்தக் குட்டிக்கு ஏன் செய்யவில்லை?

மறுநாளிலிருந்து சீப்பைச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். முகர்ந்து பார்த்தால் டீக்கடைப் பொறை ரொட்டியில் ஒரு சின்னத் துண்டு. சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில் காதைத் தொடுவேன், பாதத்தைப் பிடித்துப் பார்ப்பேன், விரல் இடுக்கைத் தடவுவேன். அதற்கும் ஒரு துண்டு. அப்புறம் முதுகில் மட்டும் மெத்தென்ற பிரஷ். அப்புறம்தான் அகலப் பல் சீப்பு. சிக்கை விரலாலேயே பிரித்தேன். அதற்குக் கோபம் வருவதற்கு முன்னால் நான் நிறுத்திவிடுவேன், ரகசியம் அவ்வளவுதான். நடுவில் ரோஸி மழைச் சேற்றில் புரண்டு வந்து, தொடையில் முடி உருண்டையாகி, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாகி, பல நாள் என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மறுபடியும் கிண்ணம், சீப்பு, பொறை என்று முதலிலிருந்து தொடங்கினேன்.

கார்த்திகை முடியும்போது ஒரு சாயங்காலம் சீப்பு இருந்த மேஜை டிராயரைத் திறந்தேன். அந்தச் சத்தத்துக்கு ரோஸி தானாக ஓடிவந்து, காலடியில் மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டியது! காது, கழுத்து, வயிறு, வால் எல்லாம் வாரினேன். ஒரு முனகல் கூட இல்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. "ஓடி வாங்க, வந்து பாருங்க!" என்று இருட்டறைக் கதவைத் தட்டினேன். பிலிம் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து பதில் கொடுத்தார்: "கதவைத் தொறந்தா வெளிச்சம் பட்டு ஒரு கல்யாண வீடே கறுத்துப் போயிடும், நாயை அப்டியே இருக்கச் சொல்லு!"

மாப்பிள்ளை வாரிய சீப்பு

அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தார். தென்னங்கீற்று மாதிரி முடி. என்ன எண்ணெய் வைத்தாலும் நட்டுக்கொண்டு நிற்கும். நான் பவுடர் எடுக்கத் திரும்பிய நேரத்தில், கண்ணாடி மேஜை ஓரத்தில் மறந்து வைத்திருந்த ரோஸியின் சீப்பை எடுத்துச் சரசரவென்று வாரிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விளக்குப் போட்டுப் படமும் எடுத்தாகிவிட்டது.

படம் வாங்க வந்தபோது மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டப் போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, படிந்து கிடந்த தன் கிராப்பைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுச் சொன்னார்: "அதான பாத்தேன்! அந்தச் சீப்பை எனக்கே குடுத்துடுங்கம்மா, நாய்க்கு வேற வாங்கிக்கங்க."

பொங்கலுக்கு வந்த தம்பி

பொங்கலுக்குத் தம்பி வந்தான். மாமனார் வைத்த கெடு நினைவுக்கு வந்தது. ஸ்டுடியோவில் முடி பறக்கவில்லைதான். காலையும் மாலையும் நான் வாரி எடுத்துவிடுகிறேனே. ஆனாலும் மாமனார் ஒரு நாளும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. விடிகாலையிலேயே ரோஸியை வாரி, பட்டு மாதிரி ஆக்கி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டேன். சாப்பிட்டு முடித்துத் தம்பி கேட்டேவிட்டான். "மாமா, ரோஸியைக் கூட்டிட்டுப் போயிடட்டா? அந்தக் கூடை எங்க?"

மாமனார் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ரோஸி நேராகப் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது. அவர் பேசிக்கொண்டே அதன் காதைத் தூக்கி, உள்ளே பார்த்து, மடித்து விட்டார். மறு காதையும் தூக்கிப் பார்த்தார். பழகின கை! நான் ஸ்டுடியோவில் இருக்கும் நேரமெல்லாம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தம்பியைப் பார்த்து மாமனார் சொன்னார்: "கூடை காலியா இல்லப்பா. வெங்காயம் போட்டு வச்சிருக்குது."

மொட்டைத் தலை

அமாவாசை என்றால் மேல்மலையனூர் போய்த் திரும்புகிற கூட்டம் எங்கள் வாசலிலும் நிற்கும். முடி இறக்கிய குழந்தையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பமாட்டார்கள். ஒரு தடவை சந்தனம் பூசிய மொட்டையோடு ஒரு வாண்டு, ஸ்டூலைப் பார்த்ததும் அலறியது. கிலுகிலுப்பை ஆட்டினேன், பாட்டுப் பாடினேன்; ஒன்றும் பலிக்கவில்லை. அப்பா அதட்டினார், அம்மா கெஞ்சினாள், வெளியே வரிசை நீண்டது.

ரோஸியைக் கூப்பிட்டு ஸ்டூலில் ஏற்றினேன். ராணி மாதிரி உட்கார்ந்தது. நான் காதை வாரினேன், ஒரு துண்டுப் பொறை கொடுத்தேன்; பாதத்தைத் தூக்கி வாரினேன், இன்னொரு துண்டு. அலறல் விக்கலாகி நின்றுபோனது. வாண்டு மெதுவாக வந்து ரோஸியைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சந்தன மொட்டையை என் பக்கம் நீட்டிச் சொன்னது: "எனக்கும் வாரு. அப்பறம் பொறை குடு."

மாட்டாஸ்பத்திரியில்

மாசி வெயிலில் புல்லெல்லாம் காய்ந்து கிடந்த சமயம். கொல்லைப் பக்கம் ஓடிவிட்டு வந்த ரோஸி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உதறியது, உதறியது, நிறுத்தவேயில்லை. சோறு வேண்டாம் என்றது. காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிவந்து, ஆழத்தில் ஏதோ குத்திக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே காளைகளும் எருமைகளும் கட்டிக் கிடந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, "காதுக்குள்ள கொறடு விடணும். துளி அசைஞ்சாலும் செவி போயிடும்" என்றார். உடனே ஆட்கள் கயிறும் வாய்க்கட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரோஸி நடுங்கத் தொடங்கியது.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்" என்றேன். மேஜைமேல் என் முந்தானையை விரித்து அதைப் படுக்க வைத்தேன். பையிலிருந்து சீப்பை எடுத்து, வீட்டில் செய்வது போலவே முதுகை வாரினேன், கழுத்தை வாரினேன். நடுக்கம் அடங்கியது. தானாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. நான் காதைத் தூக்கிப் பிடித்தேன். டாக்டர் டார்ச் அடித்துக் குறடை உள்ளே விட்டார். ரோஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சுக் கூட விடாமல் கிடந்தது. வெளியே வந்தது ஒரு ஊசிப்புல் விதை, ரத்தக் கறையோடு. மறு நிமிஷம் வால் மேஜையைத் தட்டியது. கயிற்றோடு நின்ற ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் குறடைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து என்னைக் கடிக்கவோ உதைக்கவோ முட்டவோ நினைக்காத முதல் பேஷண்ட் இதுதாம்மா."

ஆக, எல்லா இடத்திலும் எனக்கு வெற்றிதான். அதன் பிறகு ஊரையும் ரோஸியையும் வாரிவிடுவதிலேயே பொழுது போய், எங்கள் வீட்டில் தலை வாராமல் திரிந்தவள் நான் ஒருத்திதான்.