வண்டியாண்ட கீறேன்

எங்கள் நைனா ஜெகதீசனுக்கு மலைப்பாதை தலைகீழ்ப் பாடம். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் வேன் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், மே மாதம் வந்தால் அணுபுரம் குடியிருப்புக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கொண்டை ஊசி வளைவில் திருப்பினாலும் தூங்குகிற குழந்தை விழிக்காது என்று பேர். ஊட்டி, ஏற்காடு, கோத்தகிரி என்று ஊராரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர், அம்மாவை மட்டும் ஒரு மலைக்கும் கூட்டிப் போனதில்லை. கேட்டால், "மாடு கீதே" என்பார். ஏதோ மாடுதான் போகாதே என்று சொன்ன மாதிரி.

அதற்கு ஈடாகக் கதை கொண்டுவருவார். டிரிப் முடிந்து வந்து, குளித்து, சோற்றில் கை வைத்ததும் கதை தொடங்கும். அம்மா சின்னப்பொண்ணு மோர் ஊற்ற மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"கோடநாடுனு ஒரு எடம் சின்னப்பொண்ணு. வேலியாண்ட நின்னு குனிஞ்சு பாத்தா, அடியில ஆறு. கொயந்த இடுப்புல வெள்ளி அர்ணாக்கயிறு கணக்கா ஓடும். மேகம் நம்ம காலுக்குக் கீய போய்கினு இருக்கும்."

"காலுக்குக் கீயவா!" என்று அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாக வாயைப் பிளப்பாள். அவள் நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள உன்கூட நின்னு அத ஒருவாட்டி பாக்கணும்" என்று மட்டும் சொல்லுவாள்.

சிறுசேரியில் எனக்கு வேலை கிடைத்து, லீவும் கிடைத்த பிறகு, இந்த வருஷம் நான் கட்டளையே போட்டுவிட்டேன். வேன் வீட்டில் நிற்கட்டும். ஆளுக்கு ஒரு முதுகுப் பை, மேட்டுப்பாளையம் வரை ரயில், அப்புறம் பஸ். கோத்தகிரியில் ஒரு வீட்டு மாடியில் ரூம். தோன்றும்போது எழுந்து, கால் போன பக்கம் நடப்பது, அவ்வளவுதான் திட்டம். மாட்டைப் பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா பார்த்துக்கொண்டாள். அம்மா நூல் புடவை மேல் பையை மாட்டிக்கொண்டு, "இன்னாடி கீர்த்தனா இது, மூட்டை தூக்கறவ மாதிரி கீறேன்" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கோத்தகிரியில் அம்மா ராணியாகிவிட்டாள். டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றாள். காலை வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். யாருக்கும் எதுவும் சமைக்காமல் பகலில் குறட்டைவிட்டுத் தூங்கினாள். நைனாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் மெஸ்ஸில் நாங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். தேடிப் போனால், சமையற்கட்டை ஒட்டி டிரைவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆள் கூட்டி வருகிற டிரைவருக்கு அங்கே சாப்பாடு இலவசம். பரிமாறுகிறவர் "எந்த வண்டிங்ணா?" என்று கேட்க, நைனா திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஓட்டினோம்.

மறுநாள் கோடநாட்டுக்கு பஸ் ஏறினோம். இறங்கியதும் அம்மா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வேன்கள் நிற்கிற இடம் வந்ததும் நைனா நின்றுவிட்டார். நிழலில் உட்கார்ந்திருந்த டிரைவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வண்டியாண்ட கீறேன்."

"எந்த வண்டி நைனா? நாம பஸ்ஸுலதான வந்தோம்!" எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மாவும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"யோவ், இங்க வா. அந்த ஆறு எங்க நின்னா தெரியும்?"

நைனா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "அது... அப்பிடியே போனா..."

"நீ பாத்ததே இல்லியா?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வண்டில அவங்க சாமான்லாம் இருக்கும் சின்னப்பொண்ணு. உட்டுட்டு எங்க போறது? மலை எறங்கறப்போ பின்னாடி உக்காந்து பேசிகினு வருவாங்க. நான் கேட்டுகினே ஓட்டுவேன். அதத்தான் உன்னாண்ட வந்து சொல்லுவேன்."

அம்மாவின் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். இத்தனை வருஷம் புளுகினாயா என்று அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"இம்மாந்தூரம் வந்து நீயும் பாக்கலியா? ஒருவாட்டிகூடவா? நான் பாக்காட்டி போவுது, நீயாச்சும் பாத்துகினு கீறனுதானே சந்தோசமா இருந்தேன்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நைனா பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்புறம் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். அவர்கள் இரண்டு பேரும் கை கோத்து நான் அதுவரை பார்த்ததில்லை. வேலியோரம் போனால் ஒரே மேகம், ஒன்றும் தெரியவில்லை. விலகுகிற வரை நிற்கலாம் என்றாள் அம்மா. நைனா இரண்டொரு தரம் வண்டிகள் பக்கம் திரும்பிப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு மேகம் கிழிந்து பள்ளம் தெரிந்தபோது அவர் திரும்பவே இல்லை. நான் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் திரும்பிய அன்று நைனா குளித்துவிட்டு வந்து சோற்றில் கை வைத்தார். வழக்கமாகக் கதை தொடங்குகிற நேரம். கூடவே வந்தவளிடம் என்ன சொல்வது? அம்மா மோர்ச் சொம்போடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா, கம்முனு துன்னுகினு கீற? அந்த ஆறு எப்பிடி இருந்துச்சு, சொல்லு."

"நீயுந்தான பாத்த?"

"பாத்தேன். நீ சொல்லு."

நைனா சோற்றைப் பிசைந்தபடி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அர்ணாக்கயிறு மாதிரிலாம் இல்ல சின்னப்பொண்ணு. வண்டில வந்தவங்களுக்குச் சொல்லத் தெரியல. உன் தல வகிடு மாதிரி இருந்துச்சு."

அம்மா மோர் ஊற்ற மறந்துவிட்டாள்.