வாசிக்காமல் சொன்ன ஏழாம் பாகம்

ஈரக் கம்பளிக் கையுறை சூடாக்கியின் மேல் காயும்போது ஒரு மணம் வரும். ஒஸ்லோவில், ட்வெய்ட்டாப் பக்கத்து அடுக்குமாடிகளில் வளர்ந்த எனக்கு மாயக்கதை என்றாலே அந்த மணம்தான். பள்ளி விட்டதும் நூலகத்துக்கு ஓடி, கையுறையைக் காயப் போட்டுவிட்டு, அட்டையில் ட்ராகனோ விண்கலமோ இருக்கிற தடித்த புத்தகமொன்றோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பதினொரு வயதில், எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் யார் எந்தத் தொடரை வாசிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் ஆள் நான்தான். பாகத்தை நோர்வேஜிய மொழியில் சொல்வதுபோலவே "பின்ட்" என்போம். பயந்த பிள்ளைக்கு ட்ராகன், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு விண்வெளி, மூன்றாம் "பின்ட்"டில் தொய்ந்துபோகிற தொடர் ஒருவருக்கும் வேண்டாம் என்று, இடைவேளையில் ரோல்ஸைக் கடித்தபடி அள்ளி விடுவேன். "உனக்குத் தெரியாத ஒண்டு உலகத்திலை இருக்கோ?" என்பார் அம்மா. இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் அக்காவும் அவருடைய மகள் தர்ஷினியும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா மட்டும் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். தர்ஷினிக்கு என் வயதுதான். நோர்வேஜியம் ஒரு சொல் தெரியாது, வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவளுக்கு என் முதலாந்தரத் தொடரைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பனிக்கு அடியில் ஒரு நகரம், அங்கே ஒரு கதவுக்குப் பின்னால் அடைபட்டுப்போன தகப்பன், அவரைத் தேடிப் போகும் சிறுமி, மொத்தம் ஏழு "பின்ட்". ரயிலில் பாதி, சமையலறையில் பாதி என்று ஆறையும் சொல்லி முடித்தேன். ஏழாவது இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அந்தப் பெட்டையின்ரை அப்பா திரும்பி வருவாரோ?" என்று கேட்டாள்.

"ஓம், வருவார். கதவைத் திறந்துகொண்டு வாறார்."

அடுத்த வாரமும் கேட்டாள், அதற்கடுத்த வாரமும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதே முடிவைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அதில் சந்தேகம் இல்லாமல் போனது. அவள் கேட்பது புத்தகத்து அப்பாவை மட்டுமல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றரை வருடம் கழித்து ஏழாவது வந்தது. முதல் ஆளாக இரவல் எடுத்து வாசித்தேன். கதவு இடிந்து வழி மூடிப்போகிறது, தகப்பன் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார். எழுதியவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மாதம்தான் பெரியப்பாவின் விசா இரண்டாம் முறையும் மறுக்கப்பட்டிருந்தது, தர்ஷினியோ அதற்குள் என்னைவிட வேகமாக நோர்வேஜியம் வாசிப்பவளாகியிருந்தாள். புத்தகத்தை மெத்தைக்கு அடியில் ஒளித்து, தவணையை நீட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் முறை நீட்டப் போனபோது, வேறொருவர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார், இனித் தர முடியாது என்றார் நூலகர். திரும்பிப் பார்த்தேன். கையில் நூலக அட்டையோடு தர்ஷினி நின்றிருந்தாள்.

நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"முடிவு தெரியாமல் ஏன் வருவார் எண்டு சொன்னனி?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "எழுதின ஆளுக்குத்தான் முடிவு தெரியேல்லை," என்றேன்.

முறைத்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் அழ, நானும் அழுதேன்.

அடுத்த கோடையில் பெரியப்பா வந்து சேர்ந்தார். அதை என் தீர்ப்புக்குக் கிடைத்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்திலேயே அதைத் தர்ஷினியிடம் சொல்லியும் காட்டினேன்.

எந்தத் தொடரை வாசிக்கலாம் என்று யாராவது கேட்டால் இன்றும் அந்தப் பனிநகரத் தொடரைத்தான் சொல்வேன், ஆனால் தேடினால் கிடைக்காது. நூலகம் அதைக் கழித்துவிட்டது, மறுபதிப்பும் வரவில்லை. பெரியப்பாவும் போன வருடம் காலமாகிவிட்டார். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் தர்ஷினிக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். ஏழு "பின்ட்"டையும் தாய் சொல்லக் கேட்டே வளர்ந்தவள். போன ஞாயிற்றுக்கிழமை முழுக் கதையையும் எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். அதில் அப்பா கதவைத் திறந்துகொண்டு வருகிறார்.