ஒலிபெருக்கியில் ஒரு ரூபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் தெருவில் எங்கள் இராஜபாளையம் பஸ் நெரிசலில் மாட்டி நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பிரசார ஆட்டோ. கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் தையல்கடை ஜமீலா மைக்கில் பேசுகிறார். ஆட்டோவின் பின்புறம், நன்கொடை அனுப்பப் பெரிய க்யூஆர் கோடு. பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் தன் கடைப் பெட்டியை மைக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

“நம்ம தெருச் சாக்கடைய…”

“ஒரு ரூபாய் பெறப்பட்டது.”

“…எம்புட்டு நாளா…”

“ஒரு ரூபாய் பெறப்பட்டது.”

பேச்சை முடிக்கவே விடவில்லை பெட்டி.

“யாரு அக்கா இப்படி ஒத்த ஒத்த ரூபாயா அனுப்புறது?” பக்கத்து சீட்டில், மில் வேலைக்குப் போகும் அக்காவைக் கேட்கிறேன்.

“எதிராளி பயலுவதான். போன்ல லைவ் பாத்துக்கிட்டே அனுப்புதானுவ. இவிய பேசக்கூடாதாம்!”

ஜமீலா நிறுத்துகிறார். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார்.

“எதிரணித் தம்பிமாரே, ரொம்ப நன்றி! ஆட்டோ வாடகைக்கு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் செத்த நேரம் அனுப்புங்க, நாளைக்கும் வந்து பேசிருதேன்!”

தெருவே விசிலடிக்கிறது. பெட்டி கப்சிப்.

பஸ் உறுமுகிறது. இந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஜன்னல் வழியாகப் போனை நீட்டி, க்யூஆர் கோடு மறைவதற்குள் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறேன்.

“பத்து ரூபாய் பெறப்பட்டது.”

ஓடும் பஸ்ஸை ஜமீலாவின் குரல் துரத்தி வருகிறது: “பத்தா? அப்ப இது நம்ம ஆளுதான்!”