உங்கட வீடு மாதிரி

தங்கையின் முதற் பிரசவத்துக்கு உதவியாக நிற்கத்தான் நான் திருகோணமலைக்குப் போனேன். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு மொன்றியலில் விமானம் ஏறினேன். நான் திரும்பி வரப் புறப்பட்டபோது தங்கையின் மகன் வாசல் கேற் வரைக்கும் ஓடிவந்து கையசைத்தான்.

கணவர் எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்துக் கனடா வந்தவர். சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை. கலியாணமானதும் நான் வந்து சேர்ந்தேன். இருவருக்கும் நிரந்தர வதிவிட உரிமை இருந்தது. ‘லாண்டட்’ என்று எங்கள் ஆட்கள் அதைச் சொல்வார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

நான் ஊரில் நின்ற அந்த எண்பத்துமூன்று ஆடியில் கலவரம் வந்தது. டிக்கெட் அலுவலுக்காகக் கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைத்திருந்த என் பாஸ்போர்ட் அந்த வீட்டோடு எரிந்துபோனது. வீட்டுக்காரர் உயிரோடு தப்பியதே பெரிய காரியம். அவர்களிடம் போய்ப் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு புதிய பாஸ்போர்ட்டுக்கு அலைச்சல், அது கிடைத்ததும் கனடா அலுவலகத்துக்கு அலைச்சல். ஒன்று முடிய இன்னொன்று என்று காலம் இழுபட்டது. கணவர் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே மாதிரித்தான் எழுதினார். “ஊரிலையிருந்து ஒண்டிரண்டு பெடியள் வந்து நிக்கினம். சாப்பாட்டுக்குப் பிரச்சினையில்லை. நீர் யோசிக்காதேயும்.”

யோசனை எனக்கு வேறு விஷயத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால், நாட்டைக் கைவிட்டுப் போனவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பலாமாம். நான் கைவிட்டுப் போகவில்லை என்பதை விமான நிலையத்து அதிகாரி ஒருவர் நம்பவேண்டும்.

மிராபெல் விமான நிலையத்தில் என்னை ஒரு பக்க அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த அதிகாரிக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கடும் தடிமன், மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று உதவவில்லை. கடைசியில் அவர், பதிலை எதிர்பார்க்காத ஆள் மாதிரி, பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார்.

ஊருக்குப் போவதற்கு முதல் வருஷம் நான் அரசாங்கப் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள். அங்கே வாரத்துக்கு ஒரு பாடம்: தபாற்கந்தோர், பல் வைத்தியர், உடுப்பு வெளுக்கும் கடை. ஆசிரியை ஒவ்வொரு பாடத்தையும் பாட்டுப் போல மனப்பாடம் செய்ய வைத்தார். ஊரில் நின்ற காலத்தில் இலக்கணமெல்லாம் பறந்துபோயிருந்தது. மனப்பாடம் செய்த வசனங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

பாஸ்போர்ட் எரிந்த கதையைத் துண்டுதுண்டாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது?” என்றார்.

“கணவர் இருக்கிறார்.”

“வேறு?”

தையல் மெஷின் இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். மெஷினுக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தெரியவில்லை. பதற்றத்தில் பாடம் வாயில் வந்துவிட்டது. “மொன் மாந்தோ எ ஷே லெ நெத்துவாயேர்.” என்னுடைய கோட் வெளுக்கும் கடையில் இருக்கிறது. அதே அவசரத்தில் அடுத்த வசனமும் பின்னாலேயே வந்தது. அதை நான் வியாழக்கிழமை எடுக்கவேண்டும்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

“எந்த வியாழக்கிழமை?”

நான் உண்மையைச் சொன்னேன். கோட்டைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனேன். “போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து வியாழக்கிழமை.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பும் தடிமனும் சேர்ந்து மனுஷன் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டார். பக்கத்து அறையில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு முறை சொல்லவைத்தார். நான் சொன்னேன். அவளும் சிரித்தாள். “கோட்டை எடுக்க வாறவா நாட்டைக் கைவிட்ட ஆளில்லை” என்கிற கருத்தில் அதிகாரி அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, முத்திரையைக் குத்திப் பாஸ்போர்ட்டை என் கையில் தந்தார்.

வெளியே கணவர் நின்றார். இளைத்திருப்பார் என்று நினைத்து வந்தேன்; கன்னமெல்லாம் வைத்து ஆள் பளபளவென்று இருந்தார். அவருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு மெலிந்த மனிதர் என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். மண்ணிறம், பெரிய பொத்தான், கழுத்தில் மயிர்ப் பட்டி. வெளுக்கக் கொடுத்த அதேதான்.

“அது… புதுசா வாற ஆக்களுக்குக் குளிர் உடுப்பில்லை அப்பா,” என்றார் கணவர். “எல்லாரும் மாறி மாறிப் போட்டவை. இவருக்குத்தான் அளவா இருந்தது.”

அந்த மனிதர் கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். வெறும் சுவெட்டரோடு, “எனக்குக் குளிரேல்லை அக்கா” என்று நடுங்கினார்.

எங்கள் வீட்டுப் படிக்கட்டில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. கதவைத் திறந்ததும் மீன் குழம்பு வாசம். கணவரின் கன்னத்துக்குக் காரணம் அப்போது விளங்கியது. எழுதியிருந்த ஒண்டிரண்டு பெடியள் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். ஒன்பது பேர்.

குசினிக்குள்ளிருந்து பெரிய உடம்போடு ஒருவர் அகப்பையும் கையுமாக வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மன்னார்க்காரர், எல்லாருக்கும் மூத்தவர், ஊரில் பள்ளிக்கூட விடுதியில் சமைத்தவராம். முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னார்: “வாங்கோ தங்கச்சி, இருங்கோ. தேத்தண்ணி போட்டுத் தாறன். கூச்சப்படாதேயுங்கோ, உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

தேத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது. குழம்பு இன்னும் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அறையை மட்டும் அவர்கள் துடைத்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு ஒழுங்காக்கி வைத்திருந்தார்கள். மற்றபடி எல்லாம் மாறியிருந்தது. என் தையல் மெஷின் மேல் அரிசி மூட்டை. குளிக்க முறை, தொலைபேசிக்கு முறை. குசினிக்கு மட்டும் முறை கிடையாது. அது மன்னார் அண்ணையின் ராச்சியம். நான் உள்ளே போனால், “நீங்கள் களைச்சு வந்தனீங்கள், போய் இருங்கோ” என்று வெளியே அனுப்பிவிடுவார்.

ஒரு வாரம் இருந்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை அவர் காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் நுழைந்தேன். எல்லாருக்கும் கேக் அடித்துக் கொடுத்து, இந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று காட்டுவது என் திட்டம். மாவைக் குழைக்க முதல், சூடாகட்டும் என்று அடுப்பின் கீழ்ப்பெட்டியான அவணைப் போட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆண்கள் யாரும் அவண் பாவித்ததில்லை. மன்னார் அண்ணைக்கு அது ஒரு அலுமாரி. உப்பு, செத்தல் மிளகாய், கருவாடு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு அதற்குள் அடுக்கியிருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? மிளகாய்ப் புகை வீட்டை நிறைத்தது. இருமிக்கொண்டு, தும்மிக்கொண்டு, இடுப்பில் கட்டிய சாரங்களோடு எல்லாரும் வெளிப்படிக்கட்டுக்கு ஓடினோம். சுற்றிவரப் பனி.

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரி வந்தார். கிரேக்கப் பெண், கணவரை இழந்தவர். படிக்கட்டில் நின்ற ஆண்களை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொருவராகப் பார்த்தார். தன் வீட்டில் இத்தனை பேர் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க அவர்களிடம் மொழியும் இல்லை. நான் முன்னால் போய் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய பிரெஞ்சும் என்னுடையது மாதிரித்தான், இரண்டும் நன்றாகப் பொருந்தின.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் இரண்டு கன்னங்களையும் பிடித்து, “மடாம் திரும்பி வந்துவிட்டாள்!” என்று கத்தினார். நான் கணவரை விட்டுவிட்டு ஓடிப்போனதாக அவர் முடிவுகட்டி, பாவமென்று இவருக்கு அடிக்கடி பாண் ரொட்டி சுட்டு அனுப்பியிருக்கிறார். இவரும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், விளக்கம் சொல்ல மொழியில்லை என்று.

ஆட்களைப் பற்றி நான் உள்ளதைச் சொன்னேன். ஊரில் சண்டை, இவர்களுக்குப் போக இடமில்லை. தானும் ஒரு சூட்கேசோடு வந்தவள்தான் என்றார் அவர். அடுத்த மாதம் இரண்டாம் மாடி காலியாகிறது, பாதிப்பேர் அங்கே வரட்டும், ஆனால் அவண் பக்கம் ஒருவரும் போகக்கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மன்னார் அண்ணை கோயிலால் வந்தார். உருகிய பெட்டிகளைப் பார்த்தார். நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன். ஆனால் படிக்கட்டில் நடந்ததை மற்றவர்கள் அதற்குள் அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

“தங்கச்சி, அந்த மனுசியோட என்ன பாசை கதைச்சனீங்கள்?”

“பிரெஞ்சு அண்ணை.”

“எங்களுக்கும் சொல்லித் தாறியளே?”

“தாறன். ஆனா பின்னேரம் குசினி எனக்கு.”

அவர் யோசித்தார். “காலமை?”

“காலமை உங்களுக்கு.”

அன்றிலிருந்து முன்னறை பள்ளிக்கூடமானது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மனப்பாடப் பாடங்கள்தான். அதையே பாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்தேன். வேலை முடிந்து வந்த களைப்பில் அத்தனை ஆண்களும் சேர்ந்து, “எனக்குப் பல் வலிக்கிறது டொக்டர்” என்று பிரெஞ்சில் கத்துவார்கள். மன்னார் அண்ணை முதன்முதலாகத் தனியே, டெப்பனூர் என்கிற மூலைக் கடைக்குப் போய் முட்டை கேட்டுவிட்டுக் கோபத்தோடு திரும்பி வந்தார்.

“நீங்கள் சொல்லித் தந்தது அவனுக்கு விளங்கேல்லை.”

“கடைக்காரனும் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாசந்தான் அண்ணை.”

“அப்ப அவனையும் வகுப்புக்குக் கூப்பிடுவம்,” என்றார். கூப்பிடவும் செய்தார். கடைக்காரன் இரண்டு கிழமை ஒழுங்காக வந்தான், முட்டையும் கொண்டு.

பிறகு ஒவ்வொருவராக வேலை, வேறு வீடு என்று பிரிந்து போனார்கள். சிலர் பிற்காலத்தில் பியர்பொன்ட்ஸ் புறநகரில் சொந்தமாக வீடு வாங்கினார்கள். மன்னார் அண்ணை கடைசி வரை இரண்டாம் மாடியில் இருந்தார். கொஞ்ச வருஷத்தில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்குப் போய் அவர்களைக் கூட்டிவந்ததில் நாங்களும் இருந்தோம். அன்றைக்கு அவர் அழுத அழுகையை நான் இங்கே எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் கதவில் தட்டும் சத்தம். திறந்தால் மன்னார் அண்ணை, ஒரு பையில் மீனோடு நின்றார். முகம் வாடியிருந்தது.

“என்ன அண்ணை?”

“மனுசி குசினிக்குள்ள விடுறா இல்லைத் தங்கச்சி.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். அடுப்பில் இருந்த கேத்திலை எடுத்து மற்றப் பக்கம் வைத்து அவருக்கு இடம் விட்டேன். வெங்காயம் உரித்துக் கொடுத்தது நான்தான்.